கார்புரேட்டர் மீது விழும் பழி

முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார் ஓட்டுநர். கார் பாய வேண்டும். பாயாமல் ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்கிறது, ஒரு தும்மல் போடுகிறது, பிறகுதான் இழுக்கிறது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு கணம் ரொம்பவே நீளம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வியாதி இது. 'பிக்கப் இல்லை' என்று சொன்னதுமே மெக்கானிக்கின் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். அடுத்த அரை மணியில் கார்புரேட்டர் துணி மேல் துண்டு துண்டாகக் கிடக்கும். பல சமயம் நோய் அங்கே இருப்பதே இல்லை.

பிரிட்டனின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி இதற்கு நல்ல உதாரணம். 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார். அதன் 1,798 சிசி இன்ஜின் இந்தியர்களுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. உத்தர்பாராவில் பல்லாண்டுகள் தயாரான அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினும் அதுவும் ஒரே குடும்பம். (அம்பாசடரிடம் யாரும் பாய்ச்சலை எதிர்பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.)

எம்ஜிபியில் பெரும்பாலும் இருப்பவை இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் எஸ்.யூ. செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த சகோதரர்களின் படைப்பு. ஆரம்ப கால மாடலில் தோல் துருத்தி இருந்ததில் ஆச்சரியமில்லை. துருத்தி இருந்த இடத்துக்குப் பின்னர் உலோக பிஸ்டன் வந்தது. இன்ஜின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச பிஸ்டன் மேலே ஏறும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே ஏற, ஜெட்டின் வாய் விரிந்து அதிக பெட்ரோல் வரும்.

சிக்கல் திடீரென்று மிதிக்கும்போதுதான். காற்று உடனே ஓடி வந்துவிடும். கனமான பெட்ரோல் பின்தங்கும். கலவை மெலிந்து இன்ஜின் திணறும். வேறு பல கார்புரேட்டர்களில் அந்த நொடிக்கென்றே பெட்ரோலைப் பீய்ச்சும் குட்டி பம்ப் உண்டு. எஸ்.யூ.வில் அது கிடையாது. அதன் வேலையை எண்ணெய் செய்கிறது. பிஸ்டனின் தண்டுக்குள் இருக்கும் கொஞ்சம் எண்ணெயில் டேம்பர் ஒன்று அமிழ்ந்திருக்கிறது. பிஸ்டன் சட்டென்று ஏறவிடாமல் அது பிடித்துக்கொள்ள, காற்று வழி குறுகலாகவே இருந்து உறிஞ்சும் வேகம் கூடுகிறது. ஜெட்டிலிருந்து கூடுதல் பெட்ரோல் இழுபடுகிறது.

எனவே முதல் வேலை, மேலே உள்ள டேம்பர் மூடியைத் திருகி எடுத்துப் பார்ப்பது. உள்ளே வறண்டிருந்தால் 20 கிரேடு எண்ணெய் கொஞ்சம் ஊற்ற வேண்டும். மூடியைத் திரும்ப இறக்கும்போது, அது முழுதும் உட்காருவதற்குச் சற்று முன்பே கைக்குத் தடை தெரிந்தால் போதுமான எண்ணெய் இருக்கிறது. கெட்டியான கியர் ஆயில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிஸ்டன் சோம்பேறியாகி மந்தம் வேறு ரூபத்தில் வந்து சேரும்.

எண்ணெய் இருந்தும் திணறினால் அடுத்த சோதனைக்கு செலவே இல்லை. சூடான இன்ஜினில், திணறும் வேகத்தில் போகும்போது சோக்கைச் சற்று இழுக்க வேண்டும். எஸ்.யூ.வில் சோக் இழுத்தால் ஜெட் கீழிறங்கிக் கலவை கெட்டியாகும். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. அதிகரித்தால் ஏற்கெனவே அதிகம். இரண்டுமில்லையென்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கேதான் பெரிய ஏமாற்றுக்காரன் ஒளிந்திருக்கிறான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வாக்குவம் மாறி, பாயிண்ட் பொருத்திய தட்டு கொஞ்சம் திரும்பும். அதோடு சேர்ந்து வளையும் மெல்லிய ஒயர் உறைக்குள்ளே இற்றுப்போயிருந்தால் சரியாக அந்த நொடியில் தீப்பொறி தவறும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகவே தெரியும். கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று யாரும் சத்தியம் செய்வார்கள். வாக்குவம் டப்பாவின் சவ்வு கிழிந்திருந்தாலும் இதே கதை. அதற்குப் போகும் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பிடிப்பு நிற்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம்.

தீப்பொறி சரி, கலவைதான் மெலிவு என்று உறுதியானால் திருட்டுக் காற்றைத் தேட வேண்டும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் தேய்ந்த த்ராட்டில் தண்டும் வழக்கமான ஓட்டைகள். பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அழுக்கு, அல்லது ஜெட் மையத்தில் இல்லை. இரண்டு கார்புரேட்டர்களும் சமமாக இழுக்கின்றனவா என்பதற்கு ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் சீறலையும் ஒப்பிட்டால் போதும்.

இத்தனையும் செய்தும் திணறினால்? இந்தியச் சாலைகளில் இப்போது புதிய காரணம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025ல் 20 சதவீதத்தை எட்டியது. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலப்புக்கு ஏறத்தாழ 13.5. புதிய காரில் சென்சார் கவனித்துக்கொள்கிறது. 1960களில் கடைசல் பிடித்த ஊசிக்கு இதெல்லாம் தெரியாது. அது பழைய கணக்குப்படியே அளந்து ஊற்றுகிறது, கலவை மெலிகிறது. கார்புரேட்டரில் எந்தக் குறையும் இல்லாமலே கார் தும்முகிறது.

இந்த நிலையில் பலர் எஸ்.யூ.வைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கார்புரேட்டர் பொருத்துகிறார்கள். அவசியமே இல்லாத செலவு. அடியிலுள்ள ஜெட் நட்டுக்கு ஆறு முகங்கள். ஒன்றிரண்டு முகம் கீழ்நோக்கித் திருப்பினால் கலவை கெட்டியாகும். பிஸ்டனை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தூக்கும்போது இன்ஜின் வேகம் லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. கூடிய வேகம் குறையாமல் நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஐடிலில் ஒழுங்காக ஓடி, நடுவேகத்தில் மட்டும் திணறினால் சற்று ஒல்லியான ஊசி மாற்ற வேண்டியதுதான்.

ஊசியை மாற்றும் நாளிலேயே பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் அவற்றை உப்பவும் வெடிக்கவும் செய்யும். எம்ஜிபியில் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இடையில் ஒரு தகரத் தடுப்புதான்.