தாவரவியல் பூங்காவில் எங்களுக்கும் வேலை கொடுங்கள்

தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கு,



உதகை அரசு தாவரவியல் பூங்காவில் உள்ளூர் மக்கள் ஆண்டு முழுவதும் தன்னார்வலர்களாகப் பணிசெய்ய முறையான வழி அமைத்துத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மே மாத மலர்க்காட்சியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கேட்கவில்லை. சீசன் முடிந்து, ஊர் அடங்கி, மழை பிடித்துக்கொண்ட பிறகும் பூங்கா பூங்காவாகத்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் எங்களை உள்ளே விடுங்கள்.

இந்தப் பூங்கா தொடங்கியதே ஊர்க்காரர்கள் பணம் போட்டதால்தான். 1840களில் இங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டிக் காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அதுவே பொதுப்பூங்காவாக வளர்ந்தது. 1848இல் வந்த தோட்டக்கலைஞர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவைத் திருத்தி அடுக்கடுக்கான தோட்டமாக்கினார். அவர் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்தச் சரிவில் மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இன்றைய தோட்டக்காரர்களுக்கும் அதுவே நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

அவர்களுடைய கைத்திறனை நினைத்துப் பாருங்கள். உறைபனிக் காலம் வந்ததும் நாற்றுகளின்மேல் மிலார் செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள். விடியற்காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பனி கரையாவிட்டால் புல் கருகிவிடும். எந்தப் பாத்தியில் நீர் தேங்கும், எந்த மரம் எந்த மழையில் கிளை முறித்தது, எந்த விதை இந்தக் குளிரில் முளைக்கும் என்பதெல்லாம் பல வருட உழைப்பில் அவர்கள் மனத்தில் பதிந்தவை. ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவர்களோடு உட்கார்ந்து கேட்டு, தமிழிலும் படுக மொழியிலும் பதிவுசெய்யப் பொறுமையுள்ள ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டுத்தோட்டம் போட்டுக் கைபழகிய பெண்கள் என்று எத்தனையோ பேர். அதேபோல், ஒரு பதிவேட்டில் ஒவ்வொரு முதுமரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆண்டுக்கொருமுறை அடிமரத்தின் சுற்றளவை அளந்து, படமெடுத்து, பூக்கும் காலத்தைக் குறித்து வைத்தால், இருபது ஆண்டுகளில் அந்தப் பதிவேடு விலைமதிப்பில்லாததாகிவிடும். மலையின் தட்பவெப்பம் மாறிவருவதை மரங்களே நமக்குக் காட்டிக்கொடுக்கும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்ச் திட்டத்தில் தங்கள் பள்ளி மரங்களை வாராவாரம் பார்த்து எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளாலும் முடியும்.

அடுத்தது, வருகிறவர்களுக்கு வழிகாட்டுதல். சுமார் 55 ஏக்கர் பூங்காவில் பெரும்பாலோர் பெரிய புல்வெளியையும் கண்ணாடி மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தின் முன்னால் நின்று படமெடுக்கிறார்கள். மரம் எப்படிக் கல்லானது என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்தால் ஒரு குழந்தைக்காவது அது வாழ்நாள் முழுக்க மறக்காது. மெக்ஐவர் பயின்ற லண்டன் கியூ தோட்டத்தில் இன்று தன்னார்வ வழிகாட்டிகள்தாம் பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறார்கள். இங்கே வழிகாட்டுகிறவர்கள் கசப்பான வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கு மருந்து தந்த சின்கோனாவைப் பயிரிட்ட அதே காலம்தான், தைலமரத்தையும் சீகை மரத்தையும் நீலகிரியில் பரப்பிப் புல்வெளிகளை விழுங்கவைத்தது. பூங்காவுக்கு மேலே இன்றும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. அந்தச் சரிவின் கதையைத் தோடர்களே சொல்வதற்கும் இடம் வேண்டும், அவர்கள் சம்மதித்தால், உரிய மதிப்பூதியத்தோடு.

ஐயா, இதில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. தன்னார்வலர்கள் வந்தால் தினக்கூலித் தொழிலாளியின் வயிற்றில் அடித்ததாகிவிடுமோ என்பது அது. அப்படி ஆகுமானால் இந்தத் திட்டமே வேண்டாம். நாற்று நடவு, தொட்டிகளில் மண் நிரப்புதல், களையெடுப்பு, புல்வெட்டு ஆகியவை கூலிக்குரிய வேலைகள். அவற்றில் தன்னார்வலர்களை இறக்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவரும் பணி நிரந்தரம் தனியே தீர்க்கப்பட வேண்டிய கடன். எங்கள் உழைப்பைக் காட்டி யாரும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அரசு நிலத்தை ஊர்க்காரர்கள் பொறுப்போடு பார்த்துக்கொள்வார்களா என்ற சந்தேகம் எழலாம். கோத்தகிரியில் லாங்வுட் சோலையைப் பாருங்கள். வனத்துறையோடு கைகோத்து உள்ளூர்க் குழு பல ஆண்டுகளாகக் காத்துவரும் காடு அது. குடிநீர் ஊற்றுகளுக்கு ஆதாரமான அந்தச் சோலையை அக்குழுவினர் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள். ஆனால் பூங்காவில் எங்களில் பெரும்பாலோர் இன்னும் டிக்கெட் வாங்கி நுழையும் விருந்தாளிகள்தாம். வெளியூர் உறவினர் வந்தால் கூட்டிப்போவோம், அவ்வளவே.

செலவு அதிகம் இல்லை. தமிழில் ஒரு விண்ணப்பப் படிவம், சில நாள் பயிற்சி, அடையாள அட்டை, விபத்துக் காப்பீடு, பொறுப்பேற்க ஒரு அலுவலர். மழைக்காலத்தில் மரங்கள் சாயும் ஊர் இது. காட்டெருமை நடமாட்டமும் உண்டு. ஆகவே எந்நேரத்தில் எந்தப் பகுதிக்குப் போகலாம் என்ற விதிமுறையும் வேண்டும். வாரத்தில் அரைநாள் வருகிறவருக்கும் இடம் இருக்கட்டும்.

முதல் சீசன் முடிந்து இரண்டாம் சீசனுக்கு நாற்றங்கால் தயாராகும் ஜூலையில், ஒரே ஒரு வேலையோடு தொடங்கலாம். பத்துப் பேர், ஐம்பது மரங்கள், ஒரு பதிவேடு. அதற்கான அனுமதியைப் பூங்கா அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பி, அறிவிப்பை நுழைவாயிலில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர் கொடுக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
உதகையில் வாழும் ஒரு தாவரவியல் ஆசிரியை