கைத்தொலைபேசித் திரையைக் கணினியில் விரிக்கும்போது

நான் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பழகிய காலத்தில் ஒரு செய்திக்கு ஆதாரம் என்றால் அது கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாக இருந்தது. ஒரு கடிதம், ஓர் ஒலிநாடா, புகைப்படத்தின் நெகட்டிவ். அவற்றை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். இன்று ஆதாரம் மற்றவரின் கணக்கில், மற்றவரின் தயவில் கிடக்கிறது. இரவு பார்த்த காணொளியைக் காலையில் தேடினால் அகற்றப்பட்டிருக்கும். இன்ஸ்ராகிராம் ‘ஸ்ரோரி’யும் வட்ஸ்அப் ‘ஸ்ரேற்றஸ்’ஸும் 24 மணித்தியாலத்தில் தாமாகவே மறைந்துவிடுகின்றன.

எவரும் பார்க்கக்கூடிய பகிரங்கத் தகவல்களை மட்டும் கொண்டு செய்யும் ஆய்வைத் திறந்த மூலப் புலனாய்வு என்கிறார்கள். எலியட் ஹிகின்ஸ் 2014இல் தொடங்கிய பெல்லிங்கட் போன்ற அமைப்புகளால் அது உலகறிந்த முறையாயிற்று. ஆனால், அந்த ஆய்வுக்கு வேண்டிய பல செயலிகள் கைத்தொலைபேசிக்கென்றே ஆக்கப்பட்டவை. கணினியில் திறந்தால் பாதிதான் தெரியும். எனவே நம்மவர்களில் பலர் ஒரு தொலைபேசியின் திரையை இன்னொரு தொலைபேசியால் படம் பிடிக்கிறார்கள். மின்விளக்கின் பளபளப்பும் பிடித்தவரின் பெருவிரலும் சேர்ந்து வரும் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ இயலாது.

இதற்கு நல்ல மாற்று, தொலைபேசியின் திரையை அப்படியே கணினியில் பிரதிபலிக்கச் செய்வது. அண்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு ‘ஸ்கிரீன் கொப்பி’ என்று உச்சரிக்கப்படும் ஓர் இலவச மென்பொருள் 2018 முதல் கிடைக்கிறது. அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு தடவை தட்டினால் மென்பொருளாளர்களுக்கான பகுதி திறக்கும். (இந்த நாட்டில் ஏழு தடவை தட்டித் திறக்கும் கதவுகள் அதிகமில்லை.) அங்கே யூ.எஸ்.பி. வழியிலான பிழைதிருத்த அனுமதியைக் கொடுத்து, வயரால் இணைத்தால் போதும். கணினியின் விசைப்பலகையால் தேடலாம், சுட்டியால் நகர்த்தலாம், திரையில் நடப்பதையெல்லாம் காணொளியாகப் பதியலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் மக் கணினியிலுள்ள குயிக்ரைம் மென்பொருளால் வயர் வழியே திரையைப் பதியலாம்.

இவ்வளவும் நல்லதுதான். நான் எழுத வந்தது வேறொன்று.

சில மாதங்களுக்கு முன்னர் இளம் செய்தியாளர் ஒருவர் இந்த முறையைக் காட்டுவதற்காக என் வீட்டுக்கு வந்திருந்தார். மணல் அகழ்வு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். லொறிச் சாரதி ஒருவரே பெருமையாக ரிக்ரொக்கில் போட்டிருந்த காணொளியில் வாகன இலக்கமும் ஆற்றங்கரையும் தெளிவாகத் தெரிந்தன. தன் சொந்தத் தொலைபேசியை மடிக்கணினியுடன் இணைத்து, அந்தக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை பதிந்து காட்டினார். திறமையான பிள்ளை. பதிவை மீண்டும் ஓடவிட்டபோது, நான்காவது நிமிடமளவில் திரையின் மேற்பகுதியில் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்து மறைந்ததைக் கண்டேன். ஒருவருடைய பெயர், அதன்கீழ், “அண்ணை, இண்டைக்கும் வந்திட்டாங்கள்.”

“தம்பி, இது யார்?” என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. அந்த ஊரிலிருந்து தகவல் தருபவர். பதிவை அன்று மாலையே அலுவலகத்திலுள்ள பலருக்கும் அனுப்ப அவர் எண்ணியிருந்தார். மணல் லொறிகளைத் தடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது கிராமங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அறிவிப்புகளை நிறுத்திவைத்துவிட்டுப் பதியலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நிறுத்திவைக்கலாம். ஆனால், ஒருநாள் மறந்தால் போதும். ஆகவே என் கருத்து இதுதான்: செய்தியாளர் தம் சொந்தத் தொலைபேசியை ஒருபோதும் கணினியில் விரிக்கக் கூடாது. தொடர்பு இலக்கங்களோ உரையாடல்களோ இல்லாத ஒரு பழைய தொலைபேசி இதற்கென்று தனியே இருக்கவேண்டும். அதிலுள்ள கணக்கும் தனியானதாக இருக்கவேண்டும். ஒருவரின் ‘ஸ்ரோரி’யைப் பார்த்தால் பார்த்தவரின் பெயர் அவருக்குத் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிழைதிருத்த அனுமதி பெற்ற கணினியால் தொலைபேசியிலுள்ள கோப்புகளை எடுக்கவும் புதிய செயலிகளைப் புகுத்தவும் முடியும். ஆகையால் இணைய நிலையக் கணினியிலோ அலுவலகத்தின் பொதுக் கணினியிலோ இந்த வேலை வேண்டாம். முடிந்தவுடன் அனுமதிகளை நீக்கி, அந்த வசதியையும் நிறுத்திவிடவேண்டும்.

சில செயலிகளை இணைத்தால் கணினியில் கறுப்புத் திரைதான் தெரியும். பார்ப்பதைப் பதியக் கூடாது என்று அவற்றை ஆக்கியோர் தடுத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிப்போக வழி கேட்டுச் சிலர் எழுதுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் புகுந்து எடுப்பது பகிரங்க மூலம் ஆகாது; அது வேறு தொழில்.

இனி, பதிவின் பெறுமதி. 2009 ஓகஸ்ற்றில் சனல் 4 ஒளிபரப்பிய காணொளியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி அது. போலியானது என்றது இலங்கை அரசாங்கம். அப்போது ஐ.நா.வின் விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களிடம் அதை ஒப்படைத்தார். காணொளி உண்மையானது என்பதையே அவர்களின் அறிக்கைகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். விளங்காத சில விடயங்களையும் அவர் மறைக்கவில்லை. கோப்புக்குள் 2009 ஜூலை 17 என்ற திகதி பொறிக்கப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்ததோ மே மாதத்தில். கடைசி 17 சட்டகங்களில் ஓர் எழுத்தும் தெரிந்தது.

அந்த வாதப் பிரதிவாதத்தில் ஒரு பகுதி கோப்பின் உள்ளிருந்த விபரங்களைப் பற்றியது. ஒருவர் திரையில் ஓடியதை மட்டும் பதிந்து கொடுத்திருந்தால் அந்த விபரங்கள் நிபுணர்களுக்குக் கிடைத்திராது. திரைப்பதிவில் இருக்கும் திகதி நாம் பதிந்த திகதி. எனவே திரைப்பதிவு நிறுவுவது ஒன்றை மட்டுமே: இன்ன நாளில், இன்ன கணக்கில், இதை நான் கண்டேன். அதற்காகவேனும் செயலியைத் திறக்குமுன்பே பதிவைத் தொடங்கி, கடைசிவரை வெட்டாமல் வைத்திருக்கவேண்டும். கூடவே காணொளிக் கோப்பையும் இயன்றால் தரவிறக்கவேண்டும். அதன் இணைய முகவரியைக் குறிக்கவேண்டும். கோப்பின் எண்சுவடை அன்றே கணித்து எழுதிவைக்கவேண்டும். எஸ்.எச்.ஏ.-256 என்ற அந்தக் கணிப்பில், கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சுவடு மாறிவிடும். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட பேர்க்லி நெறிமுறையும், ஆதாரம் கிடைத்தது முதல் அதன் வரலாற்றைக் குறித்துவைக்குமாறே கேட்கிறது.

தரவிறக்கிய கோப்பும் மூலம் அல்ல. சமூக ஊடகங்கள் காணொளியைச் சுருக்கி, உள் விபரங்களைக் களைந்துவிட்டே வெளியிடுகின்றன. மூலம், எடுத்தவரின் தொலைபேசியில்தான் இருக்கிறது. அவரைத் தேடிப் போய்ப் பேசுவது இன்றும் செய்தியாளரின் கால்களுக்குரிய வேலை.

அந்த இளைஞர் அன்று பதிவை என் கண்முன்னேயே அழித்தார். நகரத்தில் பாவித்த தொலைபேசியொன்றை மலிவு விலைக்கு வாங்கி, அடுத்த வாரம் அதே கணக்கை மீண்டும் பதியப் போனார். லொறிச் சாரதி அந்தக் காணொளியை அதற்குள் அகற்றிவிட்டிருந்தார்.