புழல் ஏரியும் என் வயிறும்

எனக்குப் பெருங்குடல் கிடையாது. சும்மா சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். பி.காம். பாஷையில் சொன்னால், சுமார் ஐந்தடி நீளமுள்ள ஒரு நிலையான சொத்தை 'ரைட் ஆஃப்' செய்தாகிவிட்டது.

'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று ஒரு வியாதி. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தம் ரத்தமாகப் போகும். பல பேருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். அடங்காத சிலரில் அடியேன் ஒருவன். கடைசியில் கத்திதான்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அதுவும் பாதி தான் கேட்பார்கள். "அப்ப ஸார்... காலையில நீங்க எப்படி...?"

அந்தப் பாதிக் கேள்விக்கு இந்த வாரம் முழு பதில். டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள், முடித்துவிட்டு வரவும்.

* * *

நான் புழல்வாசி. ஏரியை வைத்துச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

பெருங்குடல் என்பது ஓர் ஏரி. சிறுகுடல் என்ற வாய்க்காலிலிருந்து தண்ணீராக வருவதை வாங்கி, நீரை உறிஞ்சி, கெட்டியாக்கி, நமக்கு நேரம் கிடைக்கும்வரை தேக்கி வைக்கிறது. ஏரியையே தூர்த்துவிட்டால் வாய்க்கால் தண்ணீர் என்ன ஆகும்? தெருவுக்குத்தான் வரும். அதனால் அந்தக் காலத்தில் வயிற்றில் ஒரு துளை போட்டு, வெளியே பை ஒட்டி, ஆயுசு பரியந்தம் அப்படியே இருக்கச் சொன்னார்கள்.

1978ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் வேறு வழி ஒன்றை எழுதினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியையே மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு குட்டி ஏரி வெட்டி, ஆண்டவன் கொடுத்த பழைய மதகிலேயே அதை இணைத்துவிடுவது! அவர்கள் தைத்தது ஆங்கில 'எஸ்' வடிவத்தில். 1980ல் ஜப்பான்காரர் உட்சுனோமியா அதைச் சுலபமாக்கி 'ஜே' வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி. என் வயிற்றில் இருப்பது அந்த 'ஜே பவுச்'தான். தையல் ஆறும்வரை சில மாதங்கள் வெளிப்பை. அப்புறம் மதகைத் திறந்துவிடுவார்கள்.

புழல் ஏரியின் கொள்ளளவு 330 கோடி கன அடி. என் ஏரி, ஆரம்பத்தில் ஒரு டம்ளர்கூடத் தாங்கவில்லை. போகப் போகத்தான் விரிந்து கொடுத்தது. இப்போது நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கிறது. பழைய கணக்கோடு பார்த்தால் இது ராஜபோகம்.

* * *

தண்ணீர் பிரச்னை இல்லை. காற்றுதான் பிரச்னை.

உங்களுக்கு வயிற்றில் வாயு சேர்ந்தால், வருவது காற்றா மற்றதா என்று ஆசனவாய்ப் பகுதியில் இருக்கும் நரம்புகள் ஒரு நொடியில் பிரித்துச் சொல்லிவிடும். நீங்கள் அந்த டிபார்ட்மெண்டுக்கு நன்றி சொன்னதே இல்லை. அது பாட்டுக்கு வேலை பார்க்கிறது. பவுச் வைத்த புதிதில் அந்த டிபார்ட்மெண்ட் ஸ்ட்ரைக். பெரும்பாலும் காற்றும் நீரும் கலந்தே நிற்கும். 'வெறும் காற்றுதானே' என்று நம்பி விட்டீர்களோ, பேண்ட்டை மாற்ற வேண்டி வரும். ஆகவே எதையும் விட முடியாது. கழிப்பறையில் உட்கார்ந்தால்தான் உண்டு.

இப்போது புழலிலிருந்து பாரிமுனைக்கு பஸ்ஸில் போவதை யோசித்துப் பாருங்கள். மூலக்கடை சிக்னல். கையில் கம்பி. முன்னால் ஒரு ஸார், பின்னால் ஒரு அம்மா. வயிறு தவில் மாதிரி இறுகுகிறது. இடுப்பிலிருந்து விலாவரைக்கும் ஒரு குத்து. முகத்தில் மட்டும் ஆடிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அமைதி!

ஆபீஸ் வந்து சேர்ந்தால் இன்னொரு சங்கடம். கழிப்பறைத் தடுப்பு வெறும் பிளைவுட். உள்ளே நடக்கிற ஒலிபரப்பு வெளியே கை கழுவுகிறவருக்கு அட்சர சுத்தமாகக் கேட்கும். குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். சென்னைத் தண்ணீர்க் கஷ்டத்தில் அதற்கும் மனசாட்சி இடம் கொடுக்காது.

* * *

இதெல்லாம் தமாஷ்தான். தமாஷ் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு பையன் பழக்கமானான். திருவொற்றியூர்க்காரன். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஆபீஸில் கிளார்க். வயசு இருபத்தைந்துகூட இருக்காது. என்னை மாதிரியே பவுச். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, பவுச்சுல எதுனா பிரச்னையா?"

"அதெல்லாம் இல்லண்ணா. ஏசி ரூம்ணா ஆபீஸு. அடைச்ச கதவு. சத்தம் வந்தா சிரிப்பானுங்க. அதான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் துன்றதில்ல. தண்ணியும் குடிக்கறதில்ல."

வெட்கம் அவனைப் படுக்கையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. உடம்பின் தண்ணீரையும் உப்பையும் மிச்சம் பிடித்துத் தருவது பெருங்குடல். அது இல்லாதவன் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சீக்கிரமே வறண்டுபோவான். பட்டினி கிடந்தால் வாயு குறையும் என்பதும் பொய். காலி வயிற்றில்தான் காற்று இன்னும் உருளும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிட்டால்தான் அடங்கும்.

"வேலைய உட்டுடலாம்னு இருக்கேண்ணா" என்றான்.

நான் அறிவுரை சொல்லவில்லை. ஜப்பான் கதை சொன்னேன். ஷின்ஜோ அபேக்கும் இதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான். ஆபரேஷன் இல்லை, மருந்திலேயே சமாளித்தார். 2007 செப்டம்பரில் பிரதமர் பதவியை விட்டபோது அரசியல் காரணம் சொன்னார். வயிற்றுக் காரணம் பிறகுதான் வெளியே வந்தது. புது மருந்தின் தயவில் 2012ல் திரும்பி வந்து, ஜப்பானிலேயே அதிக நாள் பிரதமராக இருந்தவர் என்று பெயர் எடுத்தார். 2020 ஆகஸ்ட் 28ல் வியாதி மறுபடி முற்றியபோது, டி.வி. கேமராக்களுக்கு முன்னால் வியாதியின் பெயரையே சொல்லி விலகுவதாக அறிவித்தார். நாட்டின் பிரதமரே குடலைப் பற்றி ஊரறியப் பேசலாம் என்றால், கிளியரிங் ஆபீஸ் கிளார்க் பேசக்கூடாதா?

பையன் பேசினான். ஹெட் கிளார்க்கிடம் போய் ஆபரேஷன் தழும்பைக் காட்டியே சொல்லிவிட்டானாம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னப்பா? பாத்ரூம் பக்கத்து டேபிளை எடுத்துக்க. எத்தனை தடவை வேணாலும் போய்ட்டு வா" என்றாராம். மற்றவர்கள் சிரிக்கவில்லையா என்று கேட்டேன். "ரெண்டு நாள் சிரிச்சானுங்கண்ணா. மூணாம் நாள் ஐ.பி.எல். வந்துடுச்சு."

* * *

வெட்கத்தால் அடக்கி உடம்பைக் கெடுத்துக்கொள்வது நேற்று வந்த வழக்கமில்லை. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிளாடியஸ், மரியாதைக்காக வாயுவை அடக்கி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்ட ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டு, விருந்தில் தாராளமாக விடலாம் என்று சட்டம் போடவே யோசித்தார் என்று சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஜோசப் புஜோல் என்ற பிரெஞ்சுக்காரர் 1892ல் பாரிஸின் முலான் ரூஜ் மேடையில் அதையே வித்தையாக்கிக் காட்டிக் காசு பார்த்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மணலி சுத்திகரிப்பு ஆலையைப் பாருங்கள். உயரமான குழாயின் உச்சியில் நெருப்பு எரியும். மிச்ச வாயுவை அடைத்து வைத்தால் ஆபத்து என்று எரித்து வெளியே விடுகிறார்கள். ராத்திரியில் ஊருக்கே தெரிகிறது. எந்த மேனேஜராவது வெட்கப்பட்டிருக்கிறாரா? அழுத்தம் ஏறினால் திறந்துவிட வேண்டும். அது பாதுகாப்பு விதி.

பவுச் ஆசாமிகளுக்கும், சாதாரண வாயுக்காரர்களுக்கும் கொஞ்சம் அனுபவக் குறிப்பு:

ஒன்று. மென்று நிதானமாகச் சாப்பிடுங்கள். பேசிக்கொண்டே அள்ளிப் போட்டால் சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது. கோலி சோடா, ஸ்ட்ரா, சூயிங்கம் மூன்றுக்கும் டாட்டா.

இரண்டு. மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைகோஸ், வெங்காயம் எல்லாம் வாயு உற்பத்தியாளர்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். நான் லெட்ஜர் போட்டிருக்கிறேன். பற்று: பீச் ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோ, ஒரு பிளேட். வரவு: ராத்திரி இரண்டு மணிக்கு, வட்டியோடு.

மூன்று. வாயு சிக்கிக்கொண்டால் மல்லாந்து படுத்து, முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். யோகாசனத்தில் இதற்குப் பெயரே பவனமுக்தாசனம், அதாவது காற்றுக்கு விடுதலை. கொஞ்சம் நடப்பதும் உதவும்.

நான்கு. அடிக்கடி சிக்கிக்கொண்டால், குடலை இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம். டாக்டர் அதை விரித்துவிட முடியும். காய்ச்சலோடு போக்கு அதிகமானால் பவுச்சில் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. வயிறு முறுக்கி வலித்து, வாந்தி வந்து, மலமும் காற்றும் அடியோடு நின்றுவிட்டால் ஓமவாட்டர் வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது குடலடைப்பாக இருக்கலாம். எங்கள் வடசென்னையில் ஸ்டான்லி இருக்கிறது, குடல் அறுவைக்கென்றே தனித் துறையோடு. பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது.

ஐந்து. ஒரே ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். புழல் ஏரியில் உபரி நீர் திறப்பதற்கு முன்னால், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி வரைக்கும் வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறார்கள். ஏரி நிறைந்ததற்காக யாரும் ஏரியைத் திட்டுவதில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சங்கேத பாஷை. கல்யாண மண்டபத்தில் நான் நெளிவதைப் பார்த்தால், என் மனைவி மூன்றாவது வரிசையிலிருந்து, "ஏங்க, உபரி நீர் திறக்கப் போறாங்களாம்" என்பாள். பக்கத்து சீட்டு மாமா, "எத்தனை கன அடிம்மா?" என்று அக்கறையாகக் கேட்பார். நான் அதற்குள் எழுந்து போயிருப்பேன்.

* * *

இவ்வளவையும் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்த ஆபீஸ் நண்பர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு.

ஆரோக்கியமான மனிதன் ஒரு நாளைக்குப் பத்திலிருந்து இருபது தடவை வாயு விடுகிறான். அதில் தொண்ணூற்றொன்பது சதவீதம் வாசனையே இல்லாத காற்று. மீதியிருக்கும் துளியூண்டு கந்தகச் சமாச்சாரம்தான் மானத்தை வாங்குகிறது. உங்கள் ஆபீஸில் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சமாகப் போட்டாலும் நாளைக்கு 500. ஆபீஸ் நேரம் எட்டு மணி, அதாவது நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, 166.

யாரைக் கேட்டாலும் "நான் இல்லை ஸார்" என்கிறார்கள்.

என் கணக்கை மேலே சமர்ப்பித்துவிட்டேன். அந்த 166க்கு யார் கணக்குக் காட்டப் போகிறீர்கள்?