நலிந்த பிறகுதானா உதவி?

கோவில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கைகூப்பி நிற்கிறோம். நாதசுரமும் தவிலும் முழங்கினால்தான் கல்யாண வீடு களைகட்டும் என்கிறோம்.

பொழுது விடிந்ததும் நாம் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம். வேடம் கலைத்தவர் எங்கே போகிறார்? மழைக்காலத்தில் கூத்து மேடை கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த நாட்களில் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது?

இதை நாம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இது.

உலகமே முடங்கியபோது

2020-ல் கொரோனா நோய் வந்தது. பங்குனியில் ஊரடங்கு தொடங்கியது. திருவிழாக்கள் நின்றன. கல்யாணங்கள் சுருங்கின. வருஷம் முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டிய சில மாதங்கள், சம்பாத்தியம் இல்லாமலே போய்விட்டன. வேடம் கட்டிய கைகள் மண்வெட்டி பிடித்தன.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அயர்லாந்திலும் நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. பாட்டுக்காரர்களும் நடிகர்களும் வீட்டில் முடங்கினார்கள். அந்த நாட்டு சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? வேலை செய்யும் கலைஞர்களுக்கு வாரப்படி கொடுத்துப் பார்ப்போம் என்று துணிந்தது!

யாழ் பொறித்த நாணயம்

அயர்லாந்து சின்ன நாடு. 2022-ல் எடுத்த கணக்குப்படி அங்கே ஜனத்தொகை 51 லட்சம்தான். ஆனால், இலக்கியத்துக்காக நோபல் பரிசு வாங்கியவர்கள் அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். யேட்ஸ், பெர்னார்ட் ஷா, பெக்கெட், ஹீனி ஆகியோர் அவர்கள். நாணயத்தில் யாழைப் பொறித்து வைத்திருக்கும் நாடு அது.

அந்த நாட்டில் 2022-ல் திட்டம் தொடங்கியது. எழுத்தாளர், ஓவியர், நடிகர், இசைவாணர், நடனக்காரர் என்று 9 ஆயிரம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். 2 ஆயிரம் பேருக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்று வருஷம் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. இன்றைய மாற்று விலையில் இது 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அங்கே விலைவாசியும் வாடகையும் மிக அதிகம். ஆகவே இது ஆடம்பரத்துக்கான பணம் அல்ல. அடுப்பு அணையாமல் இருப்பதற்கான பணம்.

சிபாரிசு செல்லாது

2 ஆயிரம் பேரை எப்படிப் பொறுக்கினார்கள்? தகுதி உள்ளவர்கள் யார் என்று முதலில் பார்த்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் நம் குடவோலை போன்றதுதான்! இன்னார் மைத்துனர், இன்னாருக்கு வேண்டியவர் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. என்ன எழுத வேண்டும், யாரைப் புகழ வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இதில் குறை இல்லையா? உண்டு. சீட்டு விழாதவர்களில் கஷ்டப்படுகிறவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால், வேண்டியவருக்குக் கொடுத்து வேண்டாதவரைத் தள்ளினார்கள் என்ற பழிக்கு வழி இல்லை.

சோம்பேறி ஆனார்களா?

"சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரிப்பணம் அல்லவா?

அயர்லாந்து சர்க்காரும் அதைக் கேட்டது. பணம் பெறாத 1,000 கலைஞர்களின் நிலையையும் கூடவே கவனித்து ஒப்பிட்டது. பணம் பெற்றவர்கள் தங்கள் கலைக்கு அதிக நேரம் கொடுத்தார்கள். அவர்களுடைய வறுமை குறைந்தது. மனக்கவலையும் குறைந்தது. போட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமுதாயத்துக்கு 1.39 யூரோ பயன் கிடைத்ததாக 2025-ல் வந்த ஆய்வு கணக்குச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், இதை நிரந்தரத் திட்டம் ஆக்கப்போவதாக சர்க்கார் அறிவித்தது.

ராஜராஜன் காத்திருக்கவில்லை

அயர்லாந்து பணக்கார நாடு, நம்மால் ஆகுமா என்று சொல்லிவிட வேண்டாம். நம் ஊர்ச் சரித்திரத்தைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழன், அங்கே ஆடவும் பாடவும் 400 பெண்களைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. வருஷத்துக்கு 100 கலம் நெல். கோவில் சுவரிலேயே கல்வெட்டாக இருக்கிறது இந்தக் கணக்கு.

அது ராஜா காலம். கோவிலுக்குக் கட்டுப்பட்டுத்தான் கலைஞர் வாழ வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆடுகிற காலத்திலேயே படி அளந்தான் ராஜராஜன். ஆடி ஓயட்டும் என்று காத்திருக்கவில்லை!

இன்று நாம் என்ன செய்கிறோம்? சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கலைமாமணி விருது இருக்கிறது. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஏற்பட்டது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவியும் உண்டு. நல்ல காரியங்கள்தான்.

ஆனால் "நலிந்த" என்ற சொல்லைப் பாருங்கள். குரல் போன பிறகு, கால் தளர்ந்த பிறகு உதவி வருகிறது. அதற்குள் அவருடைய மகன் கலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறான். அப்பனுக்கு உதவி கிடைக்கிறது. கலைக்கு வாரிசு கிடைப்பதில்லை.

வழி இருக்கிறது

புதிய வழி எதையும் தேட வேண்டியதில்லை. கடலில் 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது மீனவர் குடும்பங்களுக்கு நம் சர்க்கார் நிவாரணம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கும் உதவி உண்டு. தொழில் இல்லாத பருவத்தில் தொழிலாளியைக் கைவிடக் கூடாது என்பதுதான் இதன் நியாயம். அதே நியாயம் கூத்துக்காரருக்கும் நாதசுரக்காரருக்கும் ஏன் பொருந்தாது?

மேடை இல்லாத மாதங்களில், பதிவு செய்த கலைஞர் எல்லாருக்கும் ஒரே அளவான படி தர வேண்டும். அதற்கு வயது வரம்பு வேண்டாம். சிபாரிசும் வேண்டாம். யாரைப் புகழ்ந்தார், யாரைக் கேலி செய்தார் என்ற விசாரணையும் வேண்டாம். சோறு போடுகிற கை வாயைப் பொத்தக் கூடாது.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது. பந்தலுக்கும் வாண வேடிக்கைக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். மேளக்காரரிடம் மட்டும் நூறுக்கும் இருநூறுக்கும் பேரம் பேசுகிறோம். இந்த வருஷத் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும்போது, கலைஞர்களின் கூலியை முதல் வரியில் எழுதுங்கள். பேசிய தொகையை, அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் கொடுங்கள்.

கலைஞர் நலிந்த பிறகு இரக்கப்படுவது பெரிய காரியம் அல்ல. நலியாமல் பார்த்துக்கொள்வதே நல்ல சமுதாயத்துக்கு அழகு.