யாருக்காக இந்த ஒழுங்கு?

அமைதியையும் ஒழுங்கையும் காத்தல் அரசின் முதற்கடன் என்பதை மறுப்பார் எவருமிலர். காடையர் வீதியில் உலாவ, குடிமக்கள் கதவடைத்து உயிரைக் கையிற் பிடித்திருக்கும் நாட்டிற் கல்வியுமில்லை, வாணிபமுமில்லை, வாழ்வுமில்லை. ஆயினும், ஒழுங்கு என்னும் இச்சொல் இலங்கையிற் சட்டமாக்கப்பட்ட வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு வினா எழாமற் போகாது. இச்சட்டங்கள் காத்தது மக்களின் அமைதியையா, ஆள்வோரின் ஆசனத்தையா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் பட்டறிவு இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமற்ற விடையைத் தருகின்றது.

1915 மே மாத இறுதியிற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கண்டியில் மூண்ட கலவரம் ஏனைய இடங்களுக்கும் பரவிய வேளை, தேசாதிபதி சேர் றொபேட் சாமேர்ஸ் யூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலவரம் சில நாட்களில் அடங்கியது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் இறுதிவரை நீடித்தது. இராணுவ நீதிமன்றின் தீர்ப்புப்படி ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் யூலை 7இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலாவின் சகோதரரான எட்மன்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று மாண்டார். இக்கொடுமைகளை இலண்டன் வரை சென்று எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேதான் பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எழுந்தது. முஸ்லிம்கள் பட்ட துன்பத்துக்கு அவர் உரிய இடமளிக்கவில்லை என்னுங் குறை நியாயமானதே. எனினும், கலவரம் அடங்கிய பின்னரும் படையினரிடம் நீதியை ஒப்படைத்தது தவறென அவர் கூறியதை எவராலும் மறுக்கவியலாது.

அன்றைய நீதிமன்றம் எப்போதும் ஆட்சியின் கைப்பாவையாய் இருந்ததில்லை என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். தோட்டத் தொழிலாளர் சார்பாகப் பேசிய பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை நாடுகடத்துமாறு 1937இல் தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். அதற்கு அவர் துணைகொண்டது, அமைதி குலைந்த காலத்துக்கென 1896இல் ஆக்கப்பட்ட கட்டளை. உயர் நீதிமன்றமோ, அவ்வதிகாரம் நெருக்கடி நிலவும் காலத்துக்கு மாத்திரமே உரியதெனக் கூறி அவரை விடுவித்தது. தேசாதிபதியின் சொல்லுக்கு மேலாகவும் ஒரு கேள்வி உண்டு என அன்று நாடு அறிந்தது.

அக்கேள்வியை அடைப்பதற்கே போலும் 1947இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது! அவ்வாண்டு மே, யூன் மாதங்களில் அரசாங்க ஊழியரும் தொழிலாளரும் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். யூன் 5இற் கொழும்பிலே பொலிசார் சுட்டதில் அரசாங்க இலிகிதரான கந்தசாமி உயிரிழந்தார். அவர் சிந்திய குருதி காயுமுன்னர், அதே மாதத்தில், அரசாங்க சபை இச்சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. கொள்ளையரையோ காடையரையோ அடக்குவதற்கு அன்று. கூலி கேட்டோரை அடக்குவதற்கே இச்சட்டம் பிறந்தது.

பிரித்தானியர் தம் நாட்டுக்கு ஆக்கிய சட்டத்தை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. அங்கு 1920இல் இயற்றப்பட்ட அவசரகால அதிகாரச் சட்டம், வேலைநிறுத்தத்திற் பங்குபற்றுவதைக் குற்றமாக்கலாகாது எனவும், விசாரணையின்றி எவரையுஞ் சிறையிலிடலாகாது எனவும் வெளிப்படையாகவே வரம்பு கட்டியது. பாராளுமன்றம் ஏழு நாட்களுள் ஏற்காவிடின் ஒழுங்குவிதிகள் செத்துப்போம். இலங்கைக்கு வந்த சட்டத்தில் இவ்வரம்புகள் எங்கே? அவசரகால ஒழுங்குவிதி ஏனைய சட்டங்களை மேவும் என்கிறது 7ஆம் பிரிவு. அதனை எந்த நீதிமன்றிலும் கேள்விக்கு உட்படுத்தலாகாது என்கிறது 8ஆம் பிரிவு. நல்லெண்ணத்துடன் செய்தோர் மீது வழக்கில்லை என்கிறது 9ஆம் பிரிவு. தன் வீட்டில் வேலி கட்டியவன் அயலான் வளவில் மாட்டை அவிழ்த்துவிட்ட கதை இது.

அந்நியன் செய்தது அந்நியனுக்கு இயல்பு. 1948இற் சுதந்திரம் பெற்றோர் செய்தது யாது? தம்மைக் கட்டிய கயிற்றை அவர்கள் அறுக்கவில்லை, முறுக்கேற்றினர். 1953 ஓகஸ்டில் அரிசி விலையேற்றத்தை எதிர்த்து நடந்த ஹர்த்தாலின்பின் வந்த ஆண்டுகளில் அச்சட்டம் திருத்தப்பட்டு, அவசரகாலப் பிரகடனம் இன்றியே படையினரை அழைக்கவும் ஊரடங்கு விதிக்கவும் வழி பிறந்தது.

குடாநாடு இச்சட்டத்தின் முகத்தை நேர்நின்று கண்டது 1961இல். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியதை எதிர்த்து, பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகந் தொடங்கினர். ஆண்களும் பெண்களும் எட்டு வாரங்கள் வெயிலென்றும் பனியென்றும் பாராது அவ்வாயிலில் அமர்ந்திருந்தனர். பொலிசாரின் தடியடிக்குத் தடி எடுத்து விடையளித்தாரில்லை. ஏப்பிரல் 14இல், செல்வநாயகம் தலைமையில், தபால் முத்திரை வெளியிட்டுத் தபாற் சேவையொன்றை நடத்தியதே அவர்கள் செய்த மிகப்பெரிய "கலகம்". மூன்று நாட்களில் அவசரகாலப் பிரகடனம் வந்தது. இராணுவம் வந்தது. ஊரடங்கு வந்தது. தலைவர்கள் விசாரணையேதுமின்றிப் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். ஒரு முத்திரை தபாற் சட்டத்தை மீறியதாயின், தபாற் சட்டப்படி வழக்குத் தொடுத்திருக்கலாமே! அதைச் செய்யாது பீரங்கி பூட்டிய வண்டியை அனுப்பியமை, அடக்கவேண்டியது குற்றத்தையன்று, கோரிக்கையையே என ஆட்சியாளர் கருதினர் என்பதற்குச் சான்று.

அறவழியை அடைத்தவர்கள் பின்னர் மறவழி தோன்றியதென வியந்தனர். 1979 யூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் யாழ்ப்பாணத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. ஆண்டிறுதிக்குள் பயங்கரவாதத்தைத் துடைத்தழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்கவுக்குப் பணிக்கப்பட்டது. துடைத்தழிந்ததா? மூன்றாண்டுக்கென வந்த தற்காலிகச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டமையே அக்கேள்விக்குரிய விடை. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 1981 யூன் முதலாந் திகதி இரவில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. எரித்தோரைத் தேடி எந்த அவசரச் சட்டமும் பாயவில்லை.

1983 இதனினுங் கொடியது. அவ்வாண்டு மே 18 முதல் நாடு அவசரகாலத்தின் கீழ் இருந்தது. மரண விசாரணையின்றியே சடலங்களைப் புதைக்க இடமளிக்கும் 15ஏ ஒழுங்குவிதி யூன் 3இல் வந்தது. யூலை 23இல் திருநெல்வேலியில் இராணுவத்தினர் பதின்மூவர் கொல்லப்பட்டதை அடுத்துத் தென்னிலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறையினுள்ளே ஐம்பத்துமூவர் கொல்லப்பட்டனர். ஒழுங்கைக் காப்பதற்கான சகல அதிகாரமும் இரண்டு மாதங்களாக அரசின் கையில் இருந்தது! அதிகாரம் போதாமையால் அழிவு நேர்ந்தது என எவரேனுங் கூற இயலுமா? பிணத்தை மறைக்கச் சட்டம் இருந்தது. உயிரைக் காக்க மனம் இருக்கவில்லை.

கலவரம் மூளும்போது சாதாரண சட்டத்தினால் நாட்டை நடத்தல் இயலாது என்பார் சிலர். அவர் கூற்றிற் சிறிது உண்மை உண்டு. வெள்ளமும் நோயும் வன்செயலும் விரைந்த நடவடிக்கையை வேண்டுவன. ஆயின், விரைவு வேறு, கேள்வியின்மை வேறு. கொலையும் கொள்ளையும் தீவைப்பும் சட்டவிரோதக் கூட்டமும் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றங்களாகவுள்ளன. குற்றவாளியைப் பிடிக்க அச்சட்டம் போதும். குற்றமற்றவனைப் பிடிப்பதற்கே வேறு சட்டம் வேண்டும்.

இது தமிழர்க்கு மாத்திரம் நேர்ந்த கேடன்று. 1971இற் கிளர்ந்த சிங்கள இளைஞர் மீது ஏவிய அவசரகாலம் 1977 வரை நீடித்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர் வேலையிழந்தனர். 2019 மே மாதத்தில், அவசரகாலம் நடைமுறையிலிருந்தபோதே, வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2022இல் எரிபொருளுக்கும் உணவுக்கும் வரிசையில் நின்று சலித்தோர் வீதிக்கு வந்தபோதும் இதே 1947ஆம் ஆண்டுச் சட்டமே கையிலெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு விதித்த நாளிற் கொழும்பு வாளாவிருந்தது. அதே ஊரடங்கு பின்னர் கொழும்பின் வாயிலையுந் தட்டியது.

இருள் முழுமையானதன்று என்பதும் உண்மை. துண்டுப்பிரசுரம் விநியோகிக்கப் பொலிசாரின் அனுமதி வேண்டும் என்ற ஒழுங்குவிதியை 1987இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2022 யூலை 17ஆந் திகதிய அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியதென 2025 யூலையில் அந்நீதிமன்றம் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நன்று. ஆயினும், பிடிபட்டவன் விடுதலையாவது பிடிபட்ட நாளிலே. தீர்ப்பு வருவது மூன்றாண்டு கழிந்த பின்னர் எனின் அந்நீதி யாருக்குப் பயன்? நீதிபதியின் துணிவை நம்பி ஒரு நாடு தன் சுதந்திரத்தை ஒப்படைத்திருத்தல் ஆகாது. சட்டமே திருந்தல் வேண்டும்.

8ஆம், 9ஆம் பிரிவுகள் நீக்கப்படுக. விசாரணையற்ற தடுப்புக்காவல் ஒழிக. வேலைநிறுத்தமும் அமைதியான மறியலும் ஒருபோதுங் குற்றமாகா என, பிரித்தானியர் தமக்கு எழுதிக்கொண்ட அவ்வரம்பு இங்கும் எழுதப்படுக. பிரகடனஞ் செய்தோர் அதன் தேவையை நீதிமன்றில் உடனடியாக நிறுவக் கடமைப்பட்டவராகுக. இவை பேராசையன்று, 1920இல் ஓர் ஏகாதிபத்தியம் தன் சொந்தக் குடிகளுக்கு வழங்கியவற்றின் அளவே. அதனைக்கூடத் தன் மக்களுக்கு வழங்க அஞ்சும் அரசு, கொடியை மாற்றியதேயன்றி ஆட்சியை மாற்றவில்லை.