பெயர் வைக்காத மழை

காலையில் நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் கேலி தொடங்கிவிடுகிறது. “வெறும் தாழ்வுப் பகுதிதானே சார்! இதுக்குப் போய் இந்தப் பசங்க ராத்திரியெல்லாம் செயற்கைக்கோள் படம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க” என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐயா, ஒன்று கேட்கிறேன். தானே, வர்தா, மிக்ஜாம் என்று வரிசையாகச் சொல்கிறீர்களே, 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழைக்கு என்ன பெயர்? பெயரே கிடையாது. அது புயல் இல்லை. ஆனாலும் அப்போது நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. 1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். கணக்குப் போடுங்கள்: ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 490 லிட்டர்!

வலுவானது, வலுவற்றது என்பதெல்லாம் காற்றை வைத்துச் சொல்வது. மணிக்கு 62 கி.மீ. வேகம் தொட்டால்தான் புயல், அப்புறம்தான் பெயர். எவ்வளவு மழை பெய்யும் என்பது அந்தக் கணக்கில் வராது.

எங்கள் வீட்டில் குழித்தறி. ஐப்பசி அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும். அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சொம்பால் இறைப்பார். தெருவில் பாவு நீட்ட முடியாது. சேலை முடிந்தால்தான் கூலி. எங்கள் அடுப்பை அணைத்தது பெரும்பாலும் பெயரில்லாத மழைதான். முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் பாவையாவது காப்பாற்றியிருப்போம்.

பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருந்தால் பயபக்தியோடு படிக்கிறோம். தினமும் காலை 8.30-க்கு மாடியேறி மழைமானியைப் பார்த்து எழுதி வைக்கிற பையனைக் கிண்டல் செய்கிறோம். வானிலைத் துறையும் அதே 8.30-க்குத்தான் அளக்கிறது! ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானும் ஆர்வத்தால் இதற்குள் வந்தவர்தானே?

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். எச்சரிக்கை விடுவது வானிலைத் துறையின் வேலை. அதை முந்திக்கொண்டு ஊரைப் பயமுறுத்தாதீர்கள்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். இனி “புயலா?” என்று கேட்காதீர்கள். “எத்தனை செ.மீ. பெய்யும்?” என்று கேளுங்கள். வேகவதிக் கரையில் குடியிருப்பவனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.