கூலிக்காரர் குரல் எங்கே?

தொழிலாளரைப் பற்றி ஆவணப்படம் எடுப்போர் நம் கடற்கரைக்கும் வருகின்றனர். வரட்டும்; வரவேற்கின்றோம். ஆனால், உழைப்பவர் முகத்தைக் காட்டிவிட்டு, பேச்சை மட்டும் வேறொருவர் வாயில் வைக்கும் படத்தைத் தொழிலாளர் படம் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளியைக் கடந்து மண்டபம் செல்லும் இருப்புப்பாதை வழியாகவே ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போயிற்று. மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கினர். அவ்வாறு சென்றோர் பறித்த தேயிலைக்கு விளம்பரமாக, இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம் பணம் கொடுத்து எடுப்பித்த படம்தான் 1934-இல் வந்த ‘சாங் ஆஃப் சிலோன்’. இயக்கியவர் பாசில் ரைட்; தயாரித்தவர், ஆவணப்பட உலகின் முன்னோடி எனப் புகழப்படும் ஜான் கிரியர்சன். 1935-இல் பிரசல்ஸ் விழாவில் பரிசும் பெற்றது. அழகான படம் என்பதில் ஐயமில்லை. வணிகத்தின் இரைச்சலை இடித்துக்காட்டும் துணிவும் அதற்கு உண்டு. ஆயினும், வர்ணனையாக ஒலிப்பது எது? 1681-இல் இராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட நூல்! வாசிப்பவர் லயனல் வெண்ட். சந்தை விலை கூறும் குரல்களும் கேட்கின்றன. கொழுந்து கிள்ளும் பெண் தன் கூலியைப் பற்றித் தன் வாயால் சொல்ல மட்டும் இடமில்லை.

‘அக்காலத்துக் கருவிகள் அவ்வளவுதானே’ என்பர் சிலர். மலைநாட்டில் ஒலிப்பதிவு எளிதன்று என்பது மெய்யே. ஆனால் மறு ஆண்டே, அதே கிரியர்சன் வட்டத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்டேயும் இலண்டன் சேரிக்குள் ஒலிவாங்கியைக் கொண்டுசென்று ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ எடுத்தனர். எலி ஓடும் வீட்டைப் பற்றி அவ்வீட்டில் குடியிருந்தவரே பேசினர். அதற்குப் பணம் தந்ததும் எரிவாயு வணிகர் சங்கமே. ஆக, இலண்டன் ஏழைக்குக் கிடைத்த ஒலிவாங்கி இராமநாதபுரத்து ஏழைக்குக் கிடைக்கவில்லை, விஷயம் அவ்வளவே.

தமிழகத்தில் நிலை மாறாமலில்லை. 1990-இல் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ சிவகாசிச் சிறுவர்களின் உழைப்பைக் காட்டியது. 2017-இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ மனிதக் கழிவை அள்ளுவோரைப் பேசவைத்தது. பல இடங்களில் அதைத் திரையிடவே அனுமதி மறுத்தனர். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிய தொழில் இன்னும் நடக்கிறது என்று அதைச் செய்பவரே சொன்னால் அதிகாரத்துக்குச் சுடாதா?

நம் மன்னார் வளைகுடாவிலோ, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் படம்பிடிக்க எல்லோருக்கும் ஆசை. நீலக் கடலும், கண்ணாடி அணிந்த முகமும் திரைக்கு எடுப்பாக இருக்கும். விரலில் துணி சுற்றியும் பாறை கிழிப்பது, 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் அருகே சென்றால் தடுக்கப்படுவது, வியாபாரி வைத்ததே விலை என்பது—இவற்றை அப்பெண்கள் சொல்லும்போது கத்தரி போடுகின்றவர் யார்?

குற்றம் படக்காரர் மீது மட்டுமன்று. நம் இல்லங்களும் வாய்மூடிக் கிடக்கின்றன. சபர் போன பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கஃபீல் வாங்கி வைத்துக்கொண்டதை எத்தனை வீடு வெளியே சொல்லும்? மூன்று மாதச் சம்பளம் நிலுவை என்றால் பெண் கொடுப்பார்களோ என்ற அச்சம்! அத்தரும் கம்பளியும் மட்டும் உறவினருக்குத் தெரியும். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர் கிடப்பது தெரியாது. கத்தாரில் உலகக் கோப்பைக்கு உழைத்தோரை அவர்தம் முகாமிலேயே பேசவிட்ட ‘தி வொர்க்கர்ஸ் கப்’ 2017-இல் வெளிவந்தது. கானா, கென்யா, நேபாள இளைஞர்கள் கூசாமல் தம் நிலையைச் சொல்ல, நாம் கூசுவானேன்?

வேலைக்கு ஆபத்து வரும் என்பது நியாயமான அச்சம். அப்படியானால் பெயரை விடலாம். முகத்தை நிழலில் வைக்கலாம். முகம் காட்ட விரும்பாத தாய்மாரிடம் குரலை மட்டும் பதியலாம். ஊரின் படித்த இளைஞர் கைபேசியிலேயே தொடங்கலாம். படம் முடிந்ததும் முதற்காட்சி சென்னை அரங்கில் வேண்டா. உச்சிப்புளியிலேயே, பேசியவர்கள் முன்னிலையில் நடக்கட்டும். அவர்கள் வேண்டாமென்னும் பகுதியை நீக்கிய பின்னரே அது வேறு ஊருக்குப் போகட்டும்.